இருநூறு கையெழுத்து போதுமா?

கேள்வி: வக்கீல் ஐயாவுக்கு வணக்கம். வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரி பக்கத்துச் சந்தில் நானும் வீட்டுக்காரரும் பதினோரு வருஷமாக மெஸ் நடத்துகிறோம். சாப்பிட வருகிறவர்களில் பாதிக்கு மேல் வங்காளம், ஜார்க்கண்ட், அசாம் பக்கமிருந்து வைத்தியத்துக்கு வந்தவர்கள். 2020-லும் போன வருஷமும் கொரோனாவால் கடை மூடிக் கிடந்தபோது வாங்கிய கடனே இன்னும் தீரவில்லை. இப்போது மறுபடி இரவு ஊரடங்கு, ஞாயிறு முழு ஊரடங்கு. ஞாயிற்றுக்கிழமை பார்சல் மட்டும்தான். 9-ஆம் தேதி, கையில் ஊசி குத்திய கட்டோடு ஒரு பெரியவர் பார்சலை வாங்கிவிட்டு எங்கே வைத்துச் சாப்பிடுவது என்று நின்றார். மனசு கேட்காமல் உள்ளே உட்காரச் சொன்னேன். அந்த நேரம் பார்த்து ஆள் வந்து 5,000 ரூபாய் அபராதம் போட்டுவிட்டார்கள். எங்கள் மாஸ்டர் விடியற்காலை நாலு மணிக்கு வந்தால்தான் ஆறு மணிக்கு இட்லி. அவரையும் இரண்டு நாள் வழியில் நிறுத்தித் திருப்பி அனுப்பினார்கள். எங்கள் தெருக் கடைக்காரர்கள் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டு முதலமைச்சருக்கு மனு அனுப்பப் போகிறோம். நகல் இணைத்திருக்கிறேன். ஒருவர் ஹைகோர்ட்டுக்கே போகலாம் என்கிறார். மனு கொடுத்தால் பயன் உண்டா? கொடுத்த பிறகு எங்கள் மேல் பாய்வார்களா?
– பெயர் வேண்டாம், வேலூர்.

பதில்: சகோதரிக்கு வணக்கம்.

இதை எழுதுவது 2022 ஜனவரி 22, சனிக்கிழமை. நாளை இந்த மாதத்தின் மூன்றாவது ஞாயிறு ஊரடங்கு. நீங்கள் குழம்பை இறக்கி வைத்துவிட்டு காலி பெஞ்சைப் பார்த்துக்கொண்டு நிற்பீர்கள். அதனால் சுற்றி வளைக்கவில்லை. மனு கொடுங்கள். ஆனால் நீங்கள் அனுப்பிய நகலில் இருக்கிற மனுவைக் கொடுக்காதீர்கள்.

அந்த மனுவில் ஐந்து கோரிக்கைகள் இருக்கின்றன. ஊரடங்கை ரத்து செய்ய வேண்டும். கடை வாடகையைத் தள்ளுபடி செய்ய வேண்டும். வங்கி வட்டியை நிறுத்த வேண்டும். மின்கட்டணத்தைக் குறைக்க வேண்டும். அபராதம் போட்டவர்கள் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும். ஐந்துமே நியாயமாகப் படலாம். ஆனால் இந்த ஐந்தையும் கொடுக்கக்கூடிய ஆள் ஒருவர்கூடத் தமிழ்நாட்டில் இல்லை. கடைச் சொந்தக்காரர் வாங்குகிற வாடகையில் அரசு கை வைக்காது. வட்டி வங்கியின் கையிலும் ரிசர்வ் வங்கியின் கையிலும் இருக்கிறது. மின்கட்டணம் மின்வாரியத்தின் சமாசாரம். ஆக, இந்த மனுவைப் பிரிக்கிற பிரிவு எழுத்தர் அதை ஐந்து துண்டாக்கி ஐந்து அலுவலகத்துக்கு ‘உரிய நடவடிக்கைக்காக’ என்று அனுப்புவார். வேறு என்ன செய்ய முடியும் அவரால்?

இதை நானே பட்டுத் தெரிந்துகொண்டேன். 2020 மே முதல் வாரத்தில், எனக்குத் தெரிந்த ஒரு சலூன்காரருக்காக ஆறு பக்கத்துக்கு மனு எழுதினேன். அரசியல் சாசனத்தின் 19(1)(g)-யில் தொழில் செய்யும் உரிமை, 14-இல் சமத்துவம், தீர்ப்புகளிலிருந்து நாலு மேற்கோள் என்று பிரமாதமாக இருந்தது. எழுதி முடித்ததும் எனக்கே என் மேல் ஒரு மரியாதை வந்தது. மே 24 அன்று சென்னை தவிர மற்ற நகரங்களில் சலூன் திறக்க அரசு அனுமதித்தது. அவர் கடை திறந்து இரண்டு மாதம் கழித்து எனக்கு ஒரு தபால் வந்தது. உங்கள் மனு உரிய அலுவலகத்துக்கு அனுப்பப்பட்டுள்ளது என்று அதில் இருந்தது. அந்த அலுவலகத்தைக் குறை சொல்லிப் பயனில்லை. அங்கே உட்கார்ந்திருந்தவருக்கு ஆறு பக்கத்தில் எந்த வரியில் என்ன கேட்கிறேன் என்றே தெரிந்திருக்காது.

சரி, உங்கள் கதைக்கு வருவோம். யாரிடம் எந்த அதிகாரம் இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள், பிறகு எழுதுவது சுலபம். இந்த ஞாயிறு ஊரடங்கும் இரவு 10 மணி முதல் காலை 5 மணி வரையான ஊரடங்கும் 2005-ஆம் வருஷத்துப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின்படி வந்தவை. ஆணை போடுகிறது சென்னையில் வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறை. அந்தச் சட்டப்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர், மாநில நிர்வாகக் குழுவுக்குத் தலைமைச் செயலாளர் தலைவர், மாவட்ட ஆணையத்துக்குக் கலெக்டர் தலைவர். இதில் பலரும் தப்புகிற இடம் ஒன்று உண்டு. மாநில ஆணை மூடச் சொன்னதைக் கலெக்டர் திறந்துவிட முடியாது. கூடுதலாகக் கட்டுப்படுத்தத்தான் அவருக்கு இடம் இருக்கிறது. சத்துவாச்சாரிக்குப் போய்க் கலெக்டரிடம் ‘ஞாயிறு ஊரடங்கை எடுங்கள்’ என்று மனு கொடுத்தால், அவர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அதைச் சென்னைக்குத்தான் தள்ளிவிட வேண்டும். ஆனால் மாஸ்டரின் விஷயம் அப்படியல்ல. அது உள்ளூரிலேயே தீரக்கூடியது. அதைச் சென்னைக்கு அனுப்புவதுதான் வீண்.

எனவே உங்கள் குறையை இரண்டு தாளாகப் பிரியுங்கள்.

முதல் தாள் சென்னைக்கு. அதில் ஊரடங்கை ரத்து செய்யச் சொல்லாதீர்கள். உங்கள் ஒரு மனுவுக்காக மாநிலம் முழுவதற்குமான முடிவை யாரும் மாற்றப் போவதில்லை. மாற்றுவதாக இருந்தால் தொற்று எண்ணிக்கையைப் பார்த்து மாற்றுவார்கள். உங்கள் தெருவுக்கு மட்டும் இருக்கிற, சென்னையில் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியாத ஒன்றைச் சொல்லுங்கள். அந்தப் பெரியவர்தான் அது. மற்ற ஊரில் ஞாயிற்றுக்கிழமை பார்சல் வாங்குகிறவர் வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சாப்பிடுகிறார். உங்களிடம் வாங்குகிறவருக்கு வீடு ஆயிரத்தைந்நூறு, இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. காந்தி ரோட்டிலும் பாபு ராவ் தெருவிலும் நாள் வாடகை அறையில் நாலு பேர் படுத்திருக்கிறார்கள். சில லாட்ஜில் சமைத்துக்கொள்ள இடம் உண்டு, பலதில் தட்டு வைக்கக்கூட இடமில்லை. ‘பார்சல் மட்டும்’ என்று எழுதியவர் மனசில் இப்படி ஒரு ஊர் இருந்திருக்காது. அதை அவருக்குக் காட்டுவதுதான் உங்கள் மனுவின் வேலை.

மாதிரிக்கு ஒன்று எழுதித் தருகிறேன். அப்படியே காப்பி அடிக்காமல் உங்கள் சொல்லில் மாற்றிக்கொள்ளுங்கள்:

‘நாங்கள் வேலூரில் மருத்துவமனையை ஒட்டிய தெருவில் 11 ஆண்டுகளாக உணவகம் நடத்துகிறோம். உணவுப் பாதுகாப்புப் பதிவு எண் இன்னது. இருக்கைகள் இத்தனை. எங்களிடம் உண்பவர்களில் பெரும்பாலோர் வெளிமாநில நோயாளிகளும் உடன் தங்கியிருப்பவர்களும். அவர்கள் தங்கும் அறைகளில் அமர்ந்து உண்ண வசதி இல்லை. முழு ஊரடங்கு நாட்களில், மருத்துவமனைச் சீட்டு வைத்திருக்கும் நோயாளியும் உடனிருப்பவர் ஒருவரும் மட்டும், மொத்த இருக்கையில் கால் பங்குக்கு மேற்படாமல், காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரை அமர்ந்து உண்ண அனுமதி அளிக்க வேண்டுகிறோம்.’

அவ்வளவுதான். இதில் ‘வாழ்வாதாரம் பாதிக்கப்பட்டு’ என்ற வரியை நான் சேர்க்கவில்லை, கவனித்தீர்களா? அது பொய் என்பதால் அல்ல. அன்றைக்கு அந்த மேஜைக்கு வந்த எல்லா மனுவிலும் அது இருக்கும். அதற்குப் பதிலாகக் கணக்கைச் சொல்லுங்கள். உங்கள் கல்லாப்பெட்டி நோட்டை எடுங்கள். டிசம்பர் 12, 19, 26 மூன்று ஞாயிறுகளிலும் என்ன வியாபாரம், ஜனவரி 9, 16 இரண்டு ஞாயிறுகளிலும் என்ன வியாபாரம் என்று ஐந்து வரி எழுதி, நோட்டின் அந்தப் பக்கங்களை நகலெடுத்து இணையுங்கள். பென்சிலில் எழுதியிருந்தாலும் பரவாயில்லை, மீன் வாங்கிய கணக்கு ஓரத்தில் கிறுக்கியிருந்தாலும் பரவாயில்லை. அப்படி இருக்கிற நோட்டைத்தான் அதிகாரிகள் நம்புவார்கள். புதிதாகக் கம்ப்யூட்டரில் அடித்துக் கொண்டுபோனால் சந்தேகம் வரும்.

இருநூறு கையெழுத்து பற்றிக் கேட்டீர்கள். ஒரே மனுவில் இருநூறு பேர் கையெழுத்துப் போட்டாலும் பதிவேட்டில் அதற்கு ஒரே எண்தான். அதே விஷயத்தை இருபது மெஸ்காரர்கள், ஒவ்வொருவரும் தன் கணக்கைப் போட்டுத் தனித்தனியாக எழுதினால் இருபது எண். கீழே இருந்து மேலே போகிற சுருக்கக் குறிப்பில் ‘இத்தனை மனுக்கள் வந்துள்ளன’ என்றுதான் எழுதுவார்கள். அப்புறம், உங்கள் வாட்ஸ்அப் குழு சங்கமாகப் பதிவு செய்யப்படாதது. அதன் பேரில் லெட்டர்பேடு அடித்து மனு கொடுக்காதீர்கள். தெருவில் யாராவது வணிகர் சங்கப் பேரமைப்பில் உறுப்பினராக இருந்தால் அவர்கள் வழியாகவும் ஒரு கடிதம் போகட்டும். மேலே கூட்டம் நடக்கும்போது அழைக்கப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

இந்த மாதிரி நேரத்தில் வார்டு கவுன்சிலர் ஒருவர் இருந்திருந்தால் பாதி வேலை முடிந்திருக்கும். நம் ஊரில் 2016-க்குப் பிறகு இந்த 2022 ஜனவரி வரை அப்படி ஒருவரே இல்லை, தனி அலுவலர் நிர்வாகம்தான். அதனால் நகலை எம்.எல்.ஏ. அலுவலகத்தில் கொடுங்கள். ஒரு வரி பரிந்துரைக் கடிதம் வாங்க முடிந்தால் நல்லது, இல்லாவிட்டால் கெட்டுப்போகாது.

எங்கே, எப்படி அனுப்புவது? முதல் தாளை வருவாய் மற்றும் பேரிடர் மேலாண்மைத் துறைச் செயலாளருக்கு, தலைமைச் செயலகம், புனித ஜார்ஜ் கோட்டை, சென்னை 600 009 என்ற முகவரிக்கு ஸ்பீடு போஸ்ட்டில் அனுப்புங்கள். அதையே ‘முதல்வரின் முகவரி’ துறைக்கு இணையத்தில் பதிவு செய்யுங்கள். முன்பு தனித்தனியாக இருந்த முதல்வர் தனிப்பிரிவு, உதவி மையம் எல்லாவற்றையும் போன வருஷம் இந்த ஒரே துறையில் சேர்த்துவிட்டார்கள். இணையம் கைவராவிட்டால் 1100-க்குப் போன் செய்து சொல்லலாம். எந்த வழியானாலும் மனு எண்ணை வாங்கிக் குறித்து வையுங்கள். எண் இல்லாத மனு கொடுக்காத மனு மாதிரிதான். கலெக்டர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்ப்புக் கூட்டத்துக்குப் பதிலாகப் பெட்டி வைத்திருந்தால் அதில் போட்டுவிட்டு வந்துவிடாதீர்கள். பெட்டி ரசீது தராது. தபால் பிரிவில் கொடுத்து, நகலில் சீல் வாங்குங்கள். சீல் போட யோசித்தால் பதிவுத் தபாலில் ஒப்புகை அட்டையோடு அனுப்பிவிடுங்கள். முப்பது, நாற்பது ரூபாயில் முடிகிற வேலைக்கு வாக்குவாதம் எதற்கு?

பதில் வராமலே போனால் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் ஒரு கடிதம் போடலாம். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ‘இன்ன எண் மனு இப்போது எந்தப் பிரிவில், யாரிடம் இருக்கிறது, அதன் மேல் எழுதப்பட்ட குறிப்புகளின் நகல் வேண்டும்’ என்று கேட்டால் போதும். 30 நாளில் பதில் தர வேண்டும். ‘ஏன் நடவடிக்கை எடுக்கவில்லை’ என்று கேட்காதீர்கள். காரணம் சொல்லச் சொல்வது தகவல் கேட்பதாகாது என்று திருப்பிவிடுவார்கள்.

இரண்டாவது தாள் மாஸ்டருடையது. இதுதான் எனக்கு அதிக நம்பிக்கை தருகிற மனு, உங்கள் நகலில் இது ஒரு வரிகூட இல்லை! இரவு ஊரடங்கில் பால் வண்டி போகலாம், பேப்பர் போடுகிறவர் போகலாம். ராணிப்பேட்டை சிப்காட்டில் இரவு ஷிப்டுக்குப் போகிறவர் கம்பெனி அடையாள அட்டையைக் காட்டிவிட்டுப் போகிறார். ஐந்து மணிக்குப் பிறகு கடை திறக்க உங்களுக்கு அனுமதி இருக்கிறது, ஆனால் ஆறு மணி இட்லிக்கு நாலு மணிக்கே அடுப்பு மூட்டியாக வேண்டும். இந்த முரணை எஸ்.பி. அலுவலகத்துக்கும், நகல் கலெக்டருக்கும் எழுதுங்கள். மாஸ்டரின் பெயர், வீட்டிலிருந்து கடை வரை வருகிற பாதை, நேரம், வண்டி எண், இரண்டு தவணை ஊசி போட்ட சான்று எல்லாம் ஒரே தாளில் இருக்கட்டும். கடை பெயரில் போட்டோ ஒட்டி ஓர் அடையாள அட்டையும் செய்து கொடுங்கள். இதற்கு அரசாணை மாற வேண்டியதில்லை. பீட்டில் நிற்கிற காவலருக்கு மேலிருந்து ஒரு வார்த்தை வந்தால் போதும். அது வருகிறவரை, ரவா உப்புமாவும் பொங்கலும் வைத்து அரை மணி தாமதமாகத் திறந்து சமாளியுங்கள்.

அந்த 5,000 ரூபாய்க்கு வருவோம். உங்களுக்குப் பிடிக்காத பதில்தான் சொல்லப் போகிறேன்: விட்டுவிடுங்கள். 1939-ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டத்தை 2020-இல் திருத்தி, கட்டுப்பாட்டை மீறும் கடைகளுக்கு 5,000 ரூபாய் என்று வைத்திருக்கிறார்கள். ரசீதை எடுத்துப் பாருங்கள், எந்தச் சட்டம், எந்தப் பிரிவு என்று அதில் இருக்க வேண்டும். இந்த மாதிரி இடத்திலேயே கட்டுகிற தொகை, ‘கோர்ட்டுக்குப் போகாமல் இத்தோடு முடித்துக்கொள்கிறேன்’ என்று நாம் ஒப்புக்கொள்வது போல. அந்த நேரத்தில் ‘நான் கட்டமாட்டேன், கோர்ட்டில் பார்த்துக்கொள்கிறேன்’ என்று சொல்ல உங்களுக்கு உரிமை இருந்தது. கட்டிய பிறகு அதைத் திரும்ப வாங்குவது பெரும்பாடு. அதுவும் பெரியவர் உள்ளே உட்கார்ந்திருந்தது உண்மை என்று நீங்களே எழுதுகிறீர்கள். ரசீதே தராமல் பணம் வாங்கியிருந்தால் நான் வேறு மாதிரி பேசியிருப்பேன்.

இன்னொரு காரணமும் உண்டு. ஒருவர் மேல் புகார் சொன்னால் அந்த மனு அறிக்கைக்காக அதே அலுவலகத்துக்குத்தான் வரும். பல நேரம் அதே ஆளின் மேஜைக்கே வரும். நோயாளிகளுக்காக நீங்கள் கேட்கிற நல்ல கோரிக்கையும் அந்தப் புகாரோடு சேர்ந்து அங்கே போய்ப் படுத்துக்கொள்ளும். ஆகவே அபராதத்தைப் பற்றி முதல் தாளில் ஒரு எழுத்துகூட வேண்டாம்.

பழிவாங்குவார்களா என்று கேட்டதற்கும் இதில் பாதி பதில் இருக்கிறது. யாரையும் குற்றம் சொல்லாத மனுவுக்கு யாருக்கும் கோபம் வருவதில்லை. ஆனாலும் ஒருவர் கடையைப் பார்க்க வரலாம். மனு மேல் அறிக்கை எழுதவே வருவார்கள். அதனால் தபாலில் சேர்ப்பதற்கு முன் வீட்டைச் சுத்தம் செய்துகொள்ளுங்கள். உணவுப் பாதுகாப்புப் பதிவு காலாவதியாகவில்லையே? வருஷம் 12 லட்சத்துக்குள் வியாபாரம் என்றால் பதிவுக் கட்டணம் வருஷத்துக்கு நூறு ரூபாய்தான், ஆனாலும் புதுப்பிக்க மறந்த கடைகள் நம் தெருக்களில் ஏராளம். மாநகராட்சி லைசென்ஸ், வேலைக்காரர்களின் ஊசிச் சான்று, வாசலில் கைகழுவத் தண்ணீர், இவ்வளவும் இருந்தால் வருகிறவர் உங்களுக்குச் சாதகமாக எழுதிவிட்டுப் போகவும் கூடும். அனுமதி வருகிறவரை ஞாயிற்றுக்கிழமை யாரையும் உள்ளே உட்கார வைக்காதீர்கள், எவ்வளவு பாவமாக இருந்தாலும். பேரிடர் சட்டத்தின் 51-ஆம் பிரிவில் ஓராண்டு வரை சிறை என்று இருக்கிறது. அதை உங்கள் மேல் போடுவார்கள் என்று பயமுறுத்தவில்லை. ஆனால் மனு நிலுவையில் இருக்கும்போது இரண்டாவது அபராதம் விழுந்தால் மனு அன்றோடு செத்துவிடும்.

ஹைகோர்ட் விஷயத்தில் நான் வக்கீல் என்பதால் நீங்கள் வேறு பதிலை எதிர்பார்த்திருக்கலாம். அரசியல் சாசனத்தின் 226-ஆம் பிரிவில் ரிட் மனு போடலாம், தடையில்லை. பேரிடர் சட்டப்படி போட்ட ஆணையைக் கீழ்க்கோர்ட்டு தொட முடியாது, ஹைகோர்ட்டும் சுப்ரீம் கோர்ட்டும்தான். ஆனால் தொற்றுக் காலத்தில் எதைத் திறப்பது, எதை மூடுவது என்பது அரசின் கொள்கை முடிவு என்று நீதிபதிகள் பெரும்பாலும் ஒதுங்கிவிடுகிறார்கள். அதிகம் கிடைப்பது, ‘மனுதாரரின் கோரிக்கையை இத்தனை வாரத்துக்குள் பரிசீலியுங்கள்’ என்ற உத்தரவு. இந்தக் கட்டுப்பாட்டு ஆணையின் ஆயுளோ ஜனவரி 31 வரைக்கும்தான். வாரக்கணக்கில் கெடு வாங்கி என்ன செய்வது? அந்தச் செலவில் உங்கள் மெஸ்ஸுக்கு இரண்டு மாத காஸ் வாங்கலாம். நீட்டித்துக்கொண்டே போனால் அப்போது பார்ப்போம். அதற்கும், முதலில் மனு கொடுத்துப் பதில் கிடைக்கவில்லை என்று காட்ட இந்தத் தாள்கள்தான் வேண்டும்.

கடனைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் கடிதம் முழுக்க அதுதான் இருக்கிறது. போன வருஷம் வந்த கடன் சீரமைப்பு வாய்ப்பு செப்டம்பரோடு முடிந்துவிட்டது. ஆனால் 2020-இல் கொண்டுவந்த அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் இந்த 2022 மார்ச் 31 வரை இருக்கிறது. முத்ரா கடன் வாங்கியவர்களுக்கும் அது பொருந்தும், தனியாக அடமானம் கேட்கமாட்டார்கள். கடனை அடைக்க இன்னொரு கடனா என்று கேட்டால் என்னிடம் பதில் இல்லை. வட்டிக்கடையில் வாங்கியது ஏதாவது இருந்தால் அதை முதலில் முடிக்க உதவும், அவ்வளவுதான். கிளை மேலாளரை நேரில் பாருங்கள், மனுவெல்லாம் வேண்டாம்.

இனி நாள் கணக்கு. புதன்கிழமை 26, குடியரசு நாள், அலுவலகம் கிடையாது. 31-க்கு முன்னால் அடுத்த கட்டம் பற்றி முடிவெடுக்க உட்காருவார்கள். அதற்குள் உங்கள் தாள் சென்னையில் இருக்க வேண்டுமானால் திங்கள் காலை தபால் ஆபீஸ் திறந்ததும் சேர்த்துவிடுங்கள். நாளை வியாபாரம் குறைவாகத்தானே இருக்கும், மத்தியானம் உட்கார்ந்து எழுதலாம். அந்தப் பெரியவர் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை என்றால், அவர் சம்மதித்தால், ஆஸ்பத்திரிச் சீட்டின் நகல் ஒன்றை வாங்கிக்கொள்ளுங்கள். பெயரையும் நோயையும் பேனாவால் அடித்து மறைத்துவிட்டு, ஊர்ப் பெயர் மட்டும் தெரிகிற மாதிரி இணையுங்கள்.